யாப்பு என்னும் சுமைதாங்கி



உரைநடை, செய்யுள் ஆகியவற்றின் வகைகளும் வடிவங்களும் என்ற பொருளில் பேசுமாறு இந்த அறக்கட்டளையினர் பணித்தார்கள். வகைகளை வரிசையாகச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்கணமும் ஓர் எடுத்துக்காட்டும் தரலாம். அந்த வேலையைப் பாடநூல்கள் செய்துவிட்டன. நான் ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். காதலும் போரும் செய்யுளில் இருந்ததில் வியப்பில்லை. இலக்கணம், நிகண்டு, மருத்துவம், சோதிடம், கணக்கு ஆகியவையும் ஏன் செய்யுளில் இருந்தன? அவை ஏன் 19ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு செய்யுளை விட்டு வெளியேறின? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் இன்றைய நாவல், சிறுகதை, கட்டுரை, புதுக்கவிதை ஆகியவற்றின் இடமும் தெளிவாகும் என்று நம்புகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள். நட்ட இரண்டு கற்களின் மேல் ஆள் உயரத்தில் ஒரு கல் கிடக்கும். தலைச்சுமையோடு வருபவர் பிறர் கை எதிர்பாராமல் சுமையை இறக்கி வைக்கவும் மீண்டும் ஏற்றிக்கொள்ளவும் அந்த உயரம். ஏட்டுச்சுவடிக் காலத்தில் யாப்பு அப்படிப்பட்ட கல். நினைவில் நிறுத்துவது, பிழைபுகாமல் காப்பது, ஓதி அரங்கேற்றுவது ஆகிய சுமைகளை அது தாங்கியது. அச்சு வந்து முதல் இரண்டு சுமைகளையும் எடுத்துக்கொண்டது. இன்று நாம் இலக்கிய வகைகள் என்று எண்ணுபவை, அந்தச் சுமைகள் இடம் மாறியபின் அமைந்த புதிய ஏற்பாடு. இதை ஆறு கூறுகளாக நிறுவ முயல்கிறேன்.

1. செய்யுள் என்ற சொல்லின் பரப்பு

இன்று செய்யுள் என்றால் யாப்பில் அமைந்த பாட்டு. அதற்கு எதிர்நிலையில் இருப்பது உரைநடை. தொல்காப்பியச் செய்யுளியல் இப்படிப் பிரிக்கவில்லை. பாட்டு, உரை, நூல், வாய்மொழி, பிசி, அங்கதம், முதுசொல் என ஏழு களங்களை அது யாப்புக்குள் வைக்கிறது. விடுகதையும் பழமொழியும் மந்திரமும் அங்கே பாட்டோடு சமமாக அமர்கின்றன. உரையும் அமர்கிறது. அடிவரையறை உள்ளது, இல்லாதது என்று ஒரு கோடு உண்டு. ஆனால் இரு பக்கமும் செய்யுளே. செய்யுள் என்ற சொல்லின் நேர்ப்பொருள் 'செய்யப்பட்டது' என்பதே. பேச்சு தானாக நிகழ்கிறது. செய்யுள் கவனத்தோடு கட்டப்படுகிறது. கட்டப்பட்ட மொழியெல்லாம் அங்கே ஒரே குடும்பம். உரையையே தொல்காப்பியம் நான்காக வகுக்கிறது: பாட்டுகளின் இடையே வருவது, பாட்டில்லாமல் தனித்து எழுவது, நடவாததைப் புனைந்து சொல்வது, பொருளோடு நகையும் கலந்து சொல்வது. பின்னிரண்டும் கதைகள். ஆகவே கதைக்கு உரையே இயல்பான இடம் என்ற உணர்வு பழமையானது. அப்படியானால் கதைகள் ஏன் காப்பியங்களாக, அதாவது பாட்டாக நமக்கு வந்து சேர்ந்தன? உரையில் சொல்லப்பட்ட கதைகள் இருந்திருக்க வேண்டும், அவை தங்கவில்லை. தங்கியவை யாப்பு தாங்கியவை. சிலப்பதிகாரம் பாட்டோடு உரையையும் இடையிட்டுச் சொல்கிறது. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பெருந்தேவனாரின் பாரதமும் வெண்பாவையும் உரையையும் கலந்தது. இரண்டிலும் உரைப்பகுதி பாட்டின் தோளில் சாய்ந்தே நமக்கு வந்திருக்கிறது.

2. ஏட்டில் அடி கண்ணுக்குத் தெரியாது

அச்சுநூலில் பழகிய கண்ணுக்குச் செய்யுளையும் உரைநடையையும் பிரித்தறிய ஒரு நொடி போதும். செய்யுள் பக்கத்தின் நடுவில் குறுகி நிற்கும். உரைநடை ஓரத்துக்கு ஓரம் நிரம்பும். ஓலைச்சுவடியில் இந்த வேறுபாடு கிடையாது. எழுத்தாணி ஓலையின் இடப்புறம் தொடங்கி வலப்புறம் வரை ஓடும். அடி முடிந்ததென்று வரியை முறிப்பதில்லை. சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி பெரும்பாலும் இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலா நெடிலா என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். ஓலையின் விலையும் எழுதும் உழைப்பும் வெற்றிடத்தை அனுமதிக்கவில்லை. இந்த நிலையில் வெண்பாவும் மருந்துப் பட்டியலும் கண்ணுக்கு ஒன்றுபோலவே தோன்றும். வேறுபாட்டைக் கண்டுபிடிப்பது காது. ஓதத் தொடங்கியதும் எதுகை ஓர் அடியின் தொடக்கத்தைக் காட்டும்; மோனை சீர்களை இணைத்துக் காட்டும்; செப்பலோசையும் அகவலோசையும் இது வெண்பா, இது ஆசிரியப்பா என்று அறிவிக்கும். எதுகையை நாம் இன்று அணியாக, இனிமையாக மட்டும் கற்பிக்கிறோம். ஏட்டைப் பிரித்துப் படிக்க வேண்டியிருந்தவருக்கு அது நிறுத்தற்குறி, பத்திப்பிரிப்பு, வழிகாட்டி எல்லாம். புள்ளியில்லாத எழுத்து எகரமா ஏகாரமா என்ற ஐயத்தைத் தளையே தீர்த்து வைக்கும். எழுத்து விட்ட குறையை ஓசை நிரப்பியது.

உரைநடைக்கு இந்த வசதி இல்லை. உரையாசிரியர்கள் அதற்கு வேறு வழி கண்டார்கள். 'என்க', 'என்றவாறு', 'என்பது' என்ற முடிப்புச் சொற்களை அவர்கள் ஓயாமல் பயன்படுத்துவதைப் பார்த்து இன்றைய மாணவர்கள் சலிப்படைகிறார்கள். அவற்றை முற்றுப்புள்ளியாகப் படித்தால் சலிப்பு நீங்கும். இங்கே ஒரு கருத்து முடிகிறது, அடுத்தது தொடங்குகிறது என்று காதுக்குச் சொல்லும் அடையாளங்கள் அவை.

3. யாப்பின் காவல்

நினைவுக்கு உதவியது என்று சொன்னால் யாப்பின் பணியில் பாதியைத்தான் சொன்னதாகும். படியெடுப்பவர் பிழை செய்தால் அதைக் காட்டிக்கொடுப்பது மறுபாதி. வெண்பாவில் எல்லாத் தளையும் வெண்டளையாக இருக்க வேண்டும்; ஈற்றுச்சீர் நாள், மலர், காசு, பிறப்பு என்ற நான்கனுள் ஒன்றாக முடிய வேண்டும். ஒரு சொல் மாறினால் தளை தட்டும். கட்டளைக் கலித்துறை இன்னும் கறாரானது: ஒற்று நீக்கி எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடிக்குப் பதினாறு எழுத்து, நிரையசையில் தொடங்கும் அடிக்குப் பதினேழு. ஓர் எழுத்து கூடினாலும் குறைந்தாலும் கணக்கு உதைக்கும். யாப்பிலக்கணத்தைச் சொல்லும் யாப்பருங்கலக்காரிகையே இந்தக் கட்டளைக் கலித்துறையில் இயற்றப்பட்டது. சட்டம் தன்னைத் தானே காத்துக்கொண்டது. சீரும் தளையும் பாட்டின் உள்ளே காவல் நின்றன என்றால், அந்தாதி பாட்டுகளின் வரிசைக்குக் காவல் நின்றது. ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாக வரும்போது ஏடு கலைந்தாலும் அடுக்கிவிடலாம். நடுவே ஓர் ஏடு தொலைந்தால் தொலைந்தது தெரியும். பதிற்றுப்பத்தின் நான்காம் பத்திலேயே இந்த அமைப்பு இருக்கிறது. 1102 பாசுரங்கள் கொண்ட திருவாய்மொழி முழுவதும் அந்தாதி. அதன் ஒவ்வொரு பதிகத்தின் நிறைவிலும் பாடியவர் பெயரும், ஆயிரத்துள் இது ஒரு பத்து என்ற கணக்கும் வந்துவிடுகின்றன. கோவைக்கு நானூறு, சதகத்துக்கு நூறு, குறளின் அதிகாரத்துக்குப் பத்து என்ற எண்களும் இத்தகைய வேலிகளே.

வேலி இல்லாத இடத்தில் என்ன நடந்தது என்பது இதற்கு எதிர்ச்சான்று. கம்பராமாயணம் விருத்தங்களால் ஆனது. ஒவ்வொரு விருத்தமும் தனித்து நிற்கும். அந்தாதித் தொடர்பு இல்லை. மொத்தம் இத்தனை என்ற கட்டும் பாட்டுக்குள் இல்லை. விருத்தம் பாடத் தெரிந்த எவரும் இடையில் ஒன்றைச் செருக முடிந்தது. அதனால்தான் பதிப்பாசிரியர்கள் மிகைப்பாடல்களைப் பிரித்தெடுக்கப் பெரும்பாடு படவேண்டியிருந்தது. வெள்ளிப் பாடல் என்று அவற்றுக்குப் பெயரே அமைந்தது. யாப்பின் காவலுக்கு எல்லையும் உண்டு. ஒரே அளவுள்ள சொல் இன்னொரு சொல்லின் இடத்தில் நுழைந்தால் தளை அதைத் தடுக்காது. குறளுக்குப் பரிமேலழகர் எடுத்துக்காட்டும் பாடவேறுபாடுகள் நமக்குச் சொல்வதும் இதையே: ஓசையை நோகவிடாத பிழை காவலைத் தாண்டி வந்துவிடும்.

4. உரைநடை எங்கே நின்றது

அப்படியானால் அச்சுக்கு முன் உரைநடை இல்லையா? இருந்தது, வேறொன்று தாங்கிய இடத்தில் இருந்தது. முதல் தாங்கி, கல். தஞ்சைப் பெரியகோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு மெய்க்கீர்த்தியோடு தொடங்குகிறது, அது ஆசிரியப்பா. அது முடிந்ததும் யார், எதை, எவ்வளவு கொடுத்தார் என்ற விவரம் உரைநடையில் வருகிறது. ஒரே கல்லில் இரண்டும் பணியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. நாடெங்கும் பல ஊர்களில் மீண்டும் மீண்டும் வெட்ட வேண்டிய புகழ்மொழி பாட்டில். ஒருமுறை மட்டும் நிகழ்ந்த கொடையின் அளவும் எல்லையும் உரையில். அந்த அளவை யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கல் நினைவு வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது தாங்கி, பாட்டு. இறையனார் களவியலுரை தொடங்கி இளம்பூரணர், சேனாவரையர், பேராசிரியர், நச்சினார்க்கினியர், அடியார்க்குநல்லார் வரை தமிழின் மாபெரும் உரைநடை முழுவதும் ஏதேனும் ஒரு மூலத்தைச் சுற்றிப் படர்ந்த கொடி. வைணவ உரைகளில் இன்னொரு நுட்பமான சான்று கிடைக்கிறது. திருவாய்மொழி உரைகளின் பெயர்களே அளவுகள்: ஆறாயிரப்படி, ஒன்பதினாயிரப்படி, பன்னீராயிரப்படி, இருபத்துநாலாயிரப்படி, முப்பத்தாறாயிரப்படி. படி என்பது முப்பத்திரண்டு எழுத்து கொண்ட அளவு; வடமொழிச் சுலோகத்தின் அளவு. உரைநடையை அளக்கவும் செய்யுளின் முழக்கோலையே எடுத்தார்கள். உரைக்கென்று தனி அளவு இல்லாத உலகம் அது. அளவு தெரிந்தால்தான் படியெடுத்தவர் எதையும் விட்டுவிடவில்லை என்று உறுதி செய்யலாம்.

18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை எழுதிய நாட்குறிப்பைக் காட்டி, அச்சின் உதவி இல்லாமலே விரிவான உரைநடை எழுந்ததே என்று கேட்கலாம். கேள்வி சரியானது, விடை என் கருத்துக்குத் துணை. அவர் காகிதத்தில் எழுதினார், தமக்காக எழுதினார். அந்த எழுத்து ஓதப்பட வேண்டியதில்லை. பலர் கைமாறிப் படியெடுக்கப்படும் நோக்கமும் அதற்கில்லை. சுமையே இல்லாத இடத்தில் சுமைதாங்கி எதற்கு?

5. வகைக்குப் பெயரிட்டது நிகழிடம்

பாட்டியல் நூல்கள் வளர்த்த சிற்றிலக்கியங்களைத் தொண்ணூற்றாறு என்று எண்ணுவது வழக்கம். அந்தப் பட்டியலை வடிவத்தின் பட்டியலாகப் படித்தால் குழப்பமே மிஞ்சும். அந்தாதி தொடுப்பு முறையின் பெயர். சதகம் எண்ணின் பெயர். கலம்பகம் கலவையின் பெயர். பிள்ளைத்தமிழ் பாடப்படுபவரின் பெயர். உலா ஒரு நிகழ்ச்சியின் பெயர். தூது ஒரு செயலின் பெயர். ஒரே கலிவெண்பாவில் உலாவும் தூதும் வருகின்றன. ஆகவே யாப்பு மட்டும் வகையைத் தீர்மானிக்கவில்லை. யார் முன்னால், எந்தத் தருணத்தில், எதைப் பெறுவதற்காகப் பாடப்பட்டது என்பதே பெரும்பாலும் தீர்மானித்தது. அரசன் பவனி வர, பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவத்து மகளிரும் அவனைக் கண்டு மயங்குவதாகப் பாடும் உலா, ஒட்டக்கூத்தர் காலத்து அவைக்குப் பொருந்தியது. பள்ளும் குறவஞ்சியும் ஆடிக் காட்டும் களத்துக்குப் பொருந்தின. திருக்குற்றாலக் குறவஞ்சியின் சந்தம் துள்ளுவது ஏட்டில் படிப்பவருக்காக அன்று. குறத்தி வேடம் பூண்டவரின் காலடிக்காக.

இதே அளவுகோலை இக்காலத்துக்கும் வைத்துப் பாருங்கள். தொடர்கதை என்பதும் நிகழிடத்தின் பெயர்தான். ராஜமையரின் கமலாம்பாள் சரித்திரம் 1893 முதல் விவேக சிந்தாமணி இதழில் தொடராக வந்தது. கல்கியின் பொன்னியின் செல்வன் 1950 முதல் ஏறத்தாழ மூன்றரை ஆண்டுகள் வாரந்தோறும் வந்தது. அடுத்த வாரம் வரை வாசகரைப் பிடித்து வைக்க வேண்டிய தேவை அத்தியாயத்தின் முடிவை வடிவமைத்தது. ஒரே அமர்வில் படித்து முடிக்கும் சிறுகதையின் அளவும் இதழின் பக்கங்களோடு பிணைந்து வளர்ந்தது. அவையும் ஆடுகளமும் செய்த வேலையை வார இதழும் மாத இதழும் செய்யத் தொடங்கின.

6. அச்சு எடுத்துக்கொண்டதும் விட்டுவைத்ததும்

1578இல் கொல்லத்தில் அச்சான தம்பிரான் வணக்கம் உரைநடை நூல். அது தற்செயல் அல்ல. அச்சுக்கோத்த பக்கம் எல்லாப் படிகளிலும் ஒன்றாகவே இருக்கும். ஒவ்வொரு படிக்கும் ஒரு காவலாளி தேவையில்லை. தேம்பாவணியை விருத்தத்தில் பாடிய வீரமாமுனிவரே பரமார்த்த குருவின் கதையை உரைநடையில் எழுதினார். ஒரே கை, இரண்டு பயன், இரண்டு வடிவம். இந்தியர்கள் தடையின்றி அச்சகம் நடத்த 1835இல் வழி பிறந்தபின் வேகம் கூடியது. ஆறுமுக நாவலர் பெரியபுராணத்தை வசனமாக்கினார்; நிறுத்தற்குறிகளை முறையாக இட்டார். எதுகையும் 'என்க'வும் செய்துவந்த வேலையைக் காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் பத்தியும் ஏற்றன. 1879இல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர் வேதநாயகம் பிள்ளை, அதற்கு முன்பே நீதிநூலைச் செய்யுளில் பாடியவர். மனத்தில் பதிய வேண்டிய அறத்துக்குப் பாட்டும், படித்துச் சுவைக்க வேண்டிய கதைக்கு வசனமும் என்று அவர் பிரித்துக்கொண்டதாக எனக்குப் படுகிறது.

நினைவும் காவலும் போனபின் யாப்பிடம் எஞ்சியது ஓசை. அது இரண்டு வழிகளில் பிரிந்தது. ஒரு வழி பாடலுக்குப் போனது. மெட்டைக் கேட்டு, தத்தகாரத்துக்குச் சொல் நிரப்பும் திரைப்பாடலாசிரியர் செய்வது அசையும் சீரும் எண்ணும் அதே பழைய வேலை. இன்னொரு வழி பக்கத்துக்கு வந்தது. பாரதி யாப்பில் மன்னர். ஆனாலும் காட்சிகள் என்ற வசன கவிதையையும் எழுதிப் பார்த்தார். 1930களில் ந. பிச்சமூர்த்தி மணிக்கொடிக் காலத்தில் தொடர்ந்தார். 1959இல் சி. சு. செல்லப்பா தொடங்கிய 'எழுத்து' இதழ் புதுக்கவிதைக்கு நிலையான இடம் தந்தது. அங்கே அடிக்குப் பதிலாக வரி வந்தது. அடி காதுக்குரியது, ஓலையில் கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. வரி கண்ணுக்குரியது, எங்கே முறிகிறது, அதற்குப்பின் எவ்வளவு வெற்றிடம் என்பது அச்சுப்பக்கத்தில்தான் பொருள்படும். வெற்றிடத்தைச் செலவழிக்க முடியாத ஓலையில் புதுக்கவிதை பிறந்திருக்க முடியாது.

இனி மறுப்புகள். முதல் மறுப்பு: யாப்பைக் கருவியாகச் சுருக்குவது குறுந்தொகைக்கும் குறளுக்கும் இழுக்கல்லவா? நான் விளக்க முயன்றது எல்லாமே ஏன் யாப்பில் இருந்தன என்பதை. சில ஏன் கவிதையாக இருக்கின்றன என்பதை அன்று. நன்னூலும் யாப்பில் இருக்கிறது, குறுந்தொகையும் யாப்பில் இருக்கிறது. ஒன்றை நூல் என்றும் மற்றதைப் பாட்டு என்றும் பிரித்தறிய மரபுக்குத் தெரிந்தே இருந்தது. யாப்பு உள்ளதெல்லாம் கவிதை, இல்லாததெல்லாம் கவிதையன்று என்ற மயக்கம் நமக்குத்தான் நேர்ந்தது.

இரண்டாவது மறுப்பு வலுவானது. அச்சு பெருகிய அதே 19ஆம் நூற்றாண்டில்தான் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை தலபுராணங்களைப் பாடிக் குவித்தார். 1891இல் சுந்தரம் பிள்ளை மனோன்மணீயம் நாடகத்தையே செய்யுளில் எழுதினார். சுமை இறங்கியிருந்தால் கல்லை ஏன் தொடர்ந்து நட்டார்கள்? வேலை போனாலும் மதிப்பு உடனே போவதில்லை என்பது ஒரு விடை. புலமையைச் சோதிக்கும் களமாகவும் அரங்கேற்றத்தின் சடங்காகவும் யாப்பு தொடர்ந்தது. ஓதிக் கேட்கும் அவை இருந்தவரை ஓசைக்குப் பயனும் இருந்தது. கணக்கும் மருத்துவமும் நிகண்டும் முதலில் வெளியேறின, காப்பியமும் நாடகமும் கடைசியில் வெளியேறின என்ற வரிசையே நினைவுச்சுமை மட்டும் இருந்த இடம் முதலில் காலியானதைக் காட்டுகிறது.

மூன்றாவது மறுப்பு: நாவலும் சிறுகதையும் ஐரோப்பாவிலிருந்து வந்தவை, உள்ளூர்க் காரணம் தேடுவது வீண் பெருமை. தொல்காப்பியம் சொன்ன புனைகதை உரைதான் நாவலின் பாட்டன் என்று நான் வாதிடவில்லை. அந்த வாதத்துக்குச் சான்றில்லை. விதை வெளியிலிருந்து வந்தது. ஆனால் விதை வந்த அந்தக் காலத்தில் நிலம் ஏன் காலியாக இருந்தது என்பதும் விளக்கம் வேண்டும் செய்தி. புதிதாகத் தோன்றும் ஆக்கத்துக்கு 'விருந்து' என்று பெயர் வைத்து இடமும் ஒதுக்கியிருந்தது தொல்காப்பியம். விருந்து எங்கிருந்தும் வரலாம்; அமர்வதற்கு இடம் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். எந்த இலக்கிய வகையைப் படித்தாலும் அதில் ஒரு சொல்லை மாற்றினால் எது கெடுகிறது என்று கேளுங்கள். கல்வெட்டின் உரையில் மாற்றினால் நிலத்தின் எல்லை கெடும். பழமொழியில் மாற்றினால் அது நாவில் நிற்காது. புதுக்கவிதையில் மாற்றினால் வரி முறிந்த இடத்துக்குக் காரணம் இல்லாமல் போகும். நாவலில் மாற்றினால் பெரும்பாலும் ஒன்றும் கெடாது; எங்கே கெடுகிறதோ அங்கே அந்த நாவலாசிரியரின் கலை இருக்கிறது. ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வகுப்பில் ஒரு வெண்பாவைச் சொல் பிரித்து அலகிடச் சொல்வதோடு நிறுத்தாமல், அதில் ஒரு சொல்லை வேண்டுமென்றே பிழையாக மாற்றி, அடிபிரிக்காமல் ஓலையில் இருப்பதுபோல் எழுதிக் கொடுத்து, பிழை எங்கே என்று கேளுங்கள். வாய்விட்டு ஓதும் மாணவர் பிழை உள்ள இடத்தில் தானாகவே தடுக்கி நிற்பார். அந்தத் தடுக்கலில் யாப்பு எதற்காகப் பிறந்தது என்பது அவருக்குப் புரிந்துவிடும்.